முதல் கொத்து முடி

ஹாகுபு, நியுவே
20 ஜனவரி 1969

கர்த்தருக்குள் பிரியமான மனோங்கிக்கு,

நாங்கள் இருவரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீயும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க ராத்திரி ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறோம்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிஸ்கட் பாதி தூளாகிப் போயிருந்தது. கப்பலில் யாரோ அதன்மேல் ஏறி உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். தூளையும் உன் மகன் விடவில்லை, தேங்காய்ப் பாலில் போட்டுக் குடித்துவிட்டான். சட்டைகள் நன்றாக இருக்கின்றன. கை மட்டும் எட்டவில்லை. நீ கப்பலேற்றி அனுப்பின லாபத்தி இல்லை இவன், ஒன்பது வயசுப் பையன். மெஷின் முன்னால் உட்காரும்போது அதை நினைவில் வைத்துத் துணியை வெட்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆலயத்துக்கு முன்னால் இருக்கும் கல்லை நீ மறந்திருக்க மாட்டாய். 1915-இல் பெரிய யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத நம் ஊர்க்காரர்களின் பெயர் வெட்டிய கல். வருகிற ஏப்ரல் 25, போரில் விழுந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாளில், அதில் உன் புருஷன், என் தம்பி எசேகியாவின் பெயரையும் வெட்டி வைத்து ஆராதனை நடத்தப் போகிறார்கள். வியட்நாமில் அவன் விழுந்த செய்தி வந்ததிலிருந்து போதகரிடமும் மூப்பர்களிடமும் நான் நடையாய் நடந்ததற்குப் பலன் கிடைத்தது.

அதே நாளில் லாபத்தியின் முடிவெட்டு விருந்தையும் வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து கத்தி படாத அவன் முடி இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. காலையில் பின்னி விடுவதற்குள் என் கை ஓய்ந்து போகிறது, அவன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு "அத்தை, முடி இழுக்குது, மெதுவா" என்று ஊரைக் கூட்டுகிறான். பன்றி இரண்டு சொல்லியாயிற்று. தேங்காய் நண்டு பிடிக்க மூப்பரின் பையன்கள் காட்டுக்குப் போவார்கள்.

முதல் கொத்தைத் தகப்பன் வெட்டுவதுதான் நம் வீட்டு வழக்கம். தகப்பன் இல்லாவிட்டால் தகப்பன் வீட்டார் யாரைச் சொல்கிறார்களோ அவர். எசேகியாவின் படைப்பிரிவிலிருந்து ஒரு மேஜர் ஆராதனைக்கு வருகிறார் என்று கடிதம் வந்திருக்கிறது. முதல் கொத்து அவர் கையால் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நம் குடும்பத்துக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? ஊரே வாயடைத்து நிற்கிறது.

வெள்ளைச் சட்டை ஒன்று, காலர் வைத்து, அந்த நாளுக்காகத் தைத்து அனுப்பு.

ஜெபத்தில் மறவாத,
உன் அண்ணி லோசா


ஆக்லாந்து
10 பிப்ரவரி 1969

அன்புள்ள அண்ணிக்கு மனோங்கி எழுதுவது.

இங்கே திங்கட்கிழமை. உங்களுக்கு இன்னும் ஞாயிறு முடிந்திருக்காது, இந்நேரம் அவனைக் கூட்டிக்கொண்டு மாலை ஆராதனைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு நாள் பின்னால் இருக்கிற தீவில் என் பிள்ளை இருக்கிறான் என்பதை நினைத்தால் சில நேரம் சிரிப்பு வரும், பல நேரம் வராது.

அவர் பெயர் கல்லில் ஏறுகிறது என்று படித்துவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். மேஸ்திரி வந்து, "உடம்பு சரியில்லையா? வேணும்னா வெளியே போய்ட்டு வா" என்றாள். நல்லவள்தான். நீங்கள் அலைந்து திரிந்து அதைச் செய்ததற்கு நான் உங்கள் காலைத் தொட வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

விருந்தும் நடக்கட்டும். சட்டை தைக்கிறேன், இந்தத் தடவை கை நீளமாகவே.

ஆனால் அண்ணி, முதல் கொத்து மேஜர் கையால் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். தகப்பன் வீட்டாருக்கு உரிமை என்றால் நீங்களே வெட்டுங்கள். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள், அவர் மகனையும் வளர்க்கிறீர்கள், உங்களைவிட யாருக்கு உரிமை? போதகர் வெட்டட்டும், மூப்பர் வெட்டட்டும், ஊரில் மீன் பிடிக்கிறவர் யாராவது வெட்டட்டும். சீருடை போட்ட கை மட்டும் அவன் தலையில் படக் கூடாது.

இன்னொன்று. எனக்கு வீடு கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் மண். சேம்பு வைத்தால் குளிரில் வருமா தெரியவில்லை, வைத்துப் பார்ப்பேன். பக்கத்தில் பள்ளிக்கூடம். நம் ஆட்கள் கூடும் ஆலயம் நடக்கும் தூரம். இத்தனை நாள் நான்கு பெண்கள் ஓர் அறையில் மாற்றி மாற்றிப் படுத்தோம், அங்கே பிள்ளையை எங்கே வைப்பது? இனி அந்தக் கவலை இல்லை. விருந்து முடிந்ததும் லாபத்தியை நான் கூட்டி வந்துவிடுகிறேன்.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு கடிதத்தைக் கிழித்தேன். நேராகவே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவன் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

உங்கள்
மனோங்கி


ஹாகுபு
3 மார்ச் 1969

மனோங்கிக்கு,

ஏன் என்று கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன சுவரா? கேட்கிறேன். ஏன்?

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்தக் கல்லில் மேலிருந்து மூன்றாவது பெயர் என் பெரியப்பாவுடையது. இந்த ஊரில் காலில் செருப்பே போடாத ஆள். பட்டாளத்துப் பூட்ஸை மாட்டி நடக்கச் சொன்னார்கள். பனியில் நிற்கச் சொன்னார்கள். ஒரு குண்டும் அவர்மேல் படவில்லை. ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிச் செத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு நம் பாஷை தெரியாது. கடைசியில் என்ன கேட்டார் என்றுகூட யாருக்கும் தெரியாது. தண்ணீர்தான் கேட்டிருப்பார் என்று என் அப்பா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனை ஏப்ரல் வந்து போனது. ஒரு அதிகாரியும் இந்த ஊருக்கு வந்து அந்தக் கல்லுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றவில்லை. துரைமார் எல்லாம் தலைநகர் அலோஃபியில் கொடியேற்றிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள்தான் எங்களுக்குள் பாடி, எங்களுக்குள் அழுது, வீட்டுக்குப் போவோம். இந்த வருஷம் ஒருவர் வருகிறார். என் தம்பி மகனுக்கு முன்னால் குனிந்து நிற்கப் போகிறார். அந்தக் காட்சியைப் பார்த்த பிள்ளை வாழ்நாள் முழுக்க யார் முன்னாலும் கூனிக் குறுக மாட்டான். இதைப் போய் வேண்டாம் என்கிறாய்.

கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் சிரித்தேன். எசேகியா வியட்நாமுக்குப் புறப்பட்டதும் பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பினாய். ஆறு மாசம் என்றாய். எசேகியா விழுந்த செய்தி வந்தது, நீ வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது. சட்டைதான் வந்தது. அம்மை வந்து அவன் கண் திறக்காமல் கிடந்தபோது இங்கே கிடைத்த இலையெல்லாம் அரைத்துப் பூசினவள் நான். கர்த்தருடைய ஜெபத்தை வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்போது வீடு கிடைத்ததும் பிள்ளை நினைவு வந்துவிட்டதாக்கும்.

போன மாதம் ஞாயிறு பள்ளியில் ஒரு பாடம் நடத்தினேன். பிள்ளை வரம் கேட்டு ஆலயத்தில் அழுத தாயின் பாடம். பிறந்தால் உமக்கே கொடுக்கிறேன், அவன் தலையில் கத்தி படாது என்று நேர்ந்துகொண்டாள். சொன்னபடி ஆலயத்திலேயே கொண்டுபோய் விட்டாள். வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டு வருவாள். நான் இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் திரும்பி லாபத்தியைப் பார்த்தார்கள். ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், இவங்க அம்மாவும் சட்டைதான அனுப்புறாங்க. இவனுக்கும் முடி நீளம். கோயில் பக்கத்துலதான இருக்கான். இவனையும் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டது.

"ஆமா, இவனையும் ஆண்டவருக்குக் கொடுத்துட்டாங்க" என்றேன். அவனும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தாய் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்டதாக நான் படித்ததில்லை. நீ படித்திருந்தால் அதிகாரம், வசனம் எழுதி அனுப்பு.

மேஜர்தான் வெட்டுவார்.

லோசா


ஆக்லாந்து
20 மார்ச் 1969

அண்ணிக்கு,

நான் கொடுக்கவில்லை. உங்களை நம்பி விட்டுவைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை நீங்கள். வேதத்தைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம். அது எனக்கும் வேதம்தான். மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் நான் ஜெபிக்காத நாள் கிடையாது.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அவர் போன செய்தியைச் சொல்ல ஓர் அதிகாரி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான்கு பெண்கள் குடியிருக்கும் அறை, உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார். தேசம் மறக்காது என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது சுவரில் இருந்த லாபத்தியின் படத்தைப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு மகன் இருக்கானா? நல்லது. நல்லது" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த இரண்டாவது "நல்லது" இன்னும் என் காதில் இருக்கிறது. எதற்கு நல்லது, யாருக்கு நல்லது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏன் ஓடி வரவில்லை என்கிறீர்கள். அவன் நடக்கிற நடை அவர் நடை, சிரித்தால் அந்தக் கோணல் பல் தெரியும். அந்த முகத்தை அப்போது பார்த்திருந்தால் நான் எழுந்து நின்றிருக்க மாட்டேன். ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, நேரம் பார்த்துப் போய், நேரம் பார்த்து வந்துதான் உயிரோடு இருந்தேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், அப்படித்தான் இருந்தது.

உங்கள் பெரியப்பாவை நான் குறைத்துப் பேசவில்லை. அவருக்காக அந்த மேஜர் தொப்பியைக் கழற்றட்டும், முழந்தாளில் நிற்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். கல் உங்களுடையது. முடி என் பிள்ளையுடையது. செத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை இருக்கிறவன் தலையில் ஏன் செய்கிறீர்கள்?

அந்தக் கல்லை எனக்கும் தெரியும், அண்ணி. கல்யாணம் ஆன புதிதில் அதன்மேல்தான் பாய் காயப் போடுவேன், நீங்கள் திட்டுவீர்கள். அவர் பெயரை வெட்டின பிறகு அதற்குக் கீழே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்று பார்த்தீர்களா? ஒரு பெயருக்கு இடம் இருக்கும்.

ஏப்ரல் கப்பலில் வருகிறேன். 23-ஆம் தேதி அலோஃபியில் இறங்குவேன். நான் வரும் வரை அவன் தலையில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால், விருந்துப் பந்தியிலிருந்தே அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவேன், ஊர் பார்த்தாலும் சரி, போதகர் பார்த்தாலும் சரி.

மனோங்கி


தந்தி
நியுவே ரேடியோ நிலையம், 11 ஏப்ரல் 1969

மூப்பர்கள் கூடிப் பேசியாயிற்று. மேஜர்தான். பன்றிகளைக் கட்டியாயிற்று. வருவதானால் வா. லோசா.


கப்பலில், ஆப்பியா துறைமுகம்
24 ஏப்ரல் 1969

அண்ணிக்கு,

நேற்று காலையிலிருந்து மத்தியானம் வரை அலோஃபிக்கு எதிரே கப்பலில் நின்றேன். நீங்களும் என்னைப் பார்த்திருப்பீர்கள், அல்லது கப்பலையாவது பார்த்திருப்பீர்கள்.

அலை பாறையில் மோதி மரத்து உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து படகு எடுக்கப் பார்த்தார்கள், இறக்கின கையோடு திரும்பத் தூக்கிவிட்டார்கள். நான் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பி ஓரத்திலேயே நின்றேன். துறைமேட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். வெள்ளைச் சட்டையில் ஒரு சின்ன உருவம் தெரிந்தது. அவன்தானா? அவன்தான் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். பதிலுக்கு ஆட்டினானா என்று தெரியவில்லை, தூரம்.

கப்பல் அதிகாரியிடம் கெஞ்சினேன். "அம்மா, படகு கவுந்தா நாந்தான் பதில் சொல்லணும். திரும்பி வர்றப்ப பாக்கலாம்" என்றார். சங்கிலியைத் தூக்குகிற சத்தம் கேட்டதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு தொங்கா நாட்டு அம்மா என்னைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள்.

மேஜர் போன வாரமே அரசாங்கப் படகில் வந்து இறங்கிவிட்டார் என்று கப்பலில் சொன்னார்கள். அவருக்குக் கடல் வழிவிட்டது. பெற்றவளுக்கு விடவில்லை.

நாளைக்கு ஆன்சாக். நீங்கள் நினைத்ததைச் செய்வீர்கள். தடுக்க எனக்கு இனி வழி இல்லை. மே முதல் தேதி இதே கப்பல் உங்கள் ஊர் வழியாகத் திரும்பும்போது, வெட்டின தலையோடு அவனைப் பார்ப்பேன். அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். அதற்குப் பிறகு உங்களுக்கும் எனக்கும் கடிதம் எதற்கு?

உங்களை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மனோங்கி


அலோஃபி, துறைமேடு
1 மே 1969

மனோங்கி,

லாபத்தி முதல் படகில் வருகிறான். இந்தக் கடிதம் அவன் சட்டைப் பையில் இருக்கும். அவன் பெட்டி, பாய், வேதப் புத்தகம் எல்லாம் கூட வருகிறது. பின்னலைப் பிரித்துப் பார், ஒரு கொத்தும் குறையவில்லை.

என்ன நடந்தது என்று நானே எழுதிவிடுகிறேன். ஆள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அன்றைக்குக் கப்பல் உன்னை இறக்காமல் போனபோது அவன் துறைமேட்டில்தான் நின்றான். அழவில்லை. லாரியில் திரும்பி வரும்போது, "அம்மா ஏன் போய்ட்டாங்க?" என்று கேட்டான். "கடல் சரியில்லப்பா" என்றேன். ராத்திரி சாப்பிடவில்லை. நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குப் பந்தல் கவலை.

வெள்ளிக்கிழமை காலை ஆராதனை நல்லபடியாக நடந்தது. கல்லை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். மேஜர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். அவர் வாயில் நம் பெயர்கள் நுழையவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருத்திச் சொன்னார்கள், மனுஷன் திரும்பவும் சொன்னார். என் பெரியப்பா பெயரை இரண்டு தடவை சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றினார். எதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தேனோ அது நடந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன், என் மனசு நிறைந்துதான் போனது.

அதற்குப் பிறகு ஆலயத்துக்குள் பாய் விரித்து லாபத்தியை உட்கார வைத்தோம். முடியைச் சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்து நாடா கட்டியிருந்தேன். மேஜர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக் குனிந்தார். அப்போது பிள்ளை தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் ஆலயம் அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அத்தை, அப்பா திரும்பி வரணும்னுதான அம்மா என்னை ஆண்டவருக்குக் கொடுத்தாங்க? அப்பாதான் வரலையே. அப்புறம் ஆண்டவர் ஏன் இன்னும் என்னை வச்சிருக்காரு?"

மனோங்கி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சொல்லி என் தலை நரைத்தது. மீன் விழுங்கின தீர்க்கதரிசி அதன் வயிற்றுக்குள் மூச்சு விட்டாரா என்று கேட்பார்கள், வெள்ளத்தில் மிதந்த பேழையில் நண்டை எங்கே வைத்தார்கள் என்று கேட்பார்கள். எதற்கும் நான் விழித்ததில்லை. அன்றைக்கு விழித்தேன். போதகரைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாடத்தை அவன் பெருமையாகக் கேட்டான் என்று உனக்கு எழுதினேனே. பெருமை இல்லை. அந்த நாளிலிருந்து இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தகப்பனுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்திருக்கிறார்கள், பண்டமாற்று நடக்கவில்லை, ஆனாலும் தன்னைத் திருப்பித் தரவில்லை. பிள்ளை இத்தனை நாள் ஆண்டவர்மேல் கோபமாக இருந்திருக்கிறான். நான் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன்.

மேஜருக்கு யாரோ அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் கத்தரிக்கோலைப் பாயில் வைத்துவிட்டு, போய்ப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் யாரையும் கேட்கவில்லை. மூப்பர்களையும் கேட்கவில்லை. போய் நாடாக்களை அவிழ்த்து, முடியைத் திரும்பப் பின்னிவிட்டேன். அவசரத்தில் பின்னல் கோணலாகிவிட்டது.

விருந்து வீணாகவில்லை. முடி வெட்டாத முடிவெட்டு விருந்தை ஊர் நன்றாகவே சாப்பிட்டது. ஒரு மாதத்துக்கு என்னைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும், இருக்கட்டும்.

அவனுக்குச் சொல்ல ஒரு பதில் எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. ஆகையால் கேள்வியோடுதான் உன்னிடம் அனுப்புகிறேன். நீ சொல்லு. ஆண்டவரை அவன் வெறுத்துவிடாதபடி சொல்லு, அது ஒன்றுதான் என் பயம்.

நீ கரையில் இறங்க வேண்டாம். இறங்கினால் சண்டை போடுவேன். சண்டை போட்டால் பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

காதில் எண்ணெய் விடாதே, அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. இருட்டில் தனியாகப் படுக்க மாட்டான், ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டான். தூக்கத்தில் பேசினால் எழுப்பாதே.

லோசா


ஆக்லாந்து
9 ஜூன் 1969

என் அன்பான அண்ணிக்கு,

கடிதம் எதற்கு என்று கேட்ட நானே எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

படகிலிருந்து அவனைக் கயிற்றுக் கூடையில் வைத்துக் கப்பலுக்குத் தூக்கினார்கள். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் எங்க அம்மாவா?" என்று கேட்டான். தெரிந்துகொண்டேதான் கேட்டான் என்று நினைக்கிறேன். எனக்கு அது வேண்டியதுதான். கப்பல் திரும்பும் வரை அவன் கரைப் பக்கமே நின்றான். நீங்கள் நின்றீர்களா, போய்விட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நின்றதாக அவன் சொல்கிறான்.

இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். பின்னலைப் பார்த்து முதல் நாள் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவன் இழுத்தானாம். இவன் அவனைக் கீழே தள்ளிவிட்டு வந்து, "அத்தை சொன்ன மாதிரி மன்னிச்சிட்டேன், ஆனா முதல்ல தள்ளிட்டேன்" என்றான். உங்கள் வளர்ப்பு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் நாள் கடத்தினேன். அவனும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டார் எல்லாம் வந்தார்கள். கோழி சமைத்து, சேம்பு அவித்து, நானே அவன் முடியை வெட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அண்ணன் ஜெபம் பண்ணிவிட்டுக் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டான். அதே கேள்வி.

நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "நான் உன்னை யாருக்கும் கொடுக்கலப்பா. ஆண்டவர் உன்னைக் கேக்கவும் இல்ல. அப்பா போனதுக்கும் உனக்கும் எந்தப் பேரமும் இல்ல. ஆண்டவர் அன்னைக்கு அப்பா கூட இருந்தாரு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்போ என்னை வச்சிருந்தது யாரு?"

"அத்தை. அத்தைதான் வச்சிருந்தாங்க. நான் வந்து கேக்கல, அதனால வச்சிருந்தாங்க."

அழுவான் என்று நினைத்தேன். வேறு கேட்டான்.

"அப்போ இப்ப அத்தை கூட யாரு இருக்கா?"

அண்ணி, நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கோழி ஆறிப் போயிற்று, அண்ணனுக்கு என்மேல் கோபம்.

முடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வரும் வரை நான் வெட்ட மாட்டேன். கப்பல் மாதா மாதம் வருகிறது. இரண்டு அறையில் ஒன்றை ஒழித்து வைத்திருக்கிறேன். வாருங்கள், சண்டை போட வேண்டுமென்றால் இங்கே வந்து போடுங்கள்.

உங்கள்
மனோங்கி